மாறொளி விண்மீன் பட்டியல்களைத் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் தொகுத்துத் தந்த பட்டியல்களை வைத்துத்தான் நான் வானம் பார்க்கிறேன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை: ஒரு விண்மீனை எந்த ஆதாரத்தில் இன்ன வகை என்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

விருச்சிகத்தில் ஏறத்தாழ 380 ஒளியாண்டு தொலைவில் ஏஆர் ஸ்கார்ப்பி என்ற மாறொளி விண்மீன், அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீன், இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அதை டெல்டா ஸ்கூட்டி வகை என்று குறித்தார்கள். அதாவது தானே விரிந்து சுருங்கும் விண்மீன். ஒளி 3.56 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு சரிதான். காரணம்தான் தவறு. உண்மையில் அது இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிவரும் காலம். 2015 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம், பிரிட்டன் நாடுகளின் பொழுதுபோக்கு வானோக்கர்கள் ஐயப்படும்வரை அந்த முத்திரையை யாரும் தொடவில்லை.

உள்ளே நடப்பதோ வேறு கதை. பூமியளவே உள்ள வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதன் காந்தப்புலம் அருகிலுள்ள செங்குறுமீனை (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனை) சுழற்சிதோறும் வருடிச் செல்ல, எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. காந்தப்புலத்தில் வளைந்தோடும் அவை உமிழ்வதுதான் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு. புறஊதா முதல் ரேடியோ வரை எல்லாவற்றிலும் அந்தத் துடிப்பு தெரிகிறது. வெறும் 30 நொடியில் ஒளி நான்கு மடங்குவரை கூடுகிறது! 2017இல் வந்த ஆய்வு, அந்த ஒளி 40 விழுக்காடுவரை முனைவாக்கம் பெற்றிருப்பதை, அதாவது அதன் அலைகள் ஒரே திசையில் அதிர்வதை, காட்டியது. வெண்குறுமீன் பல்சார் (சுழன்றபடி சீராகத் துடிக்கும் வெண்குறுமீன்) என்ற பெயர் அதன்பிறகுதான் நிலைத்தது.

இரண்டு நிமிடத் துடிப்பு இரவுக்கு ஒரு படம் எடுப்பவர் கண்ணில் எப்படிப் படும்? பழைய ஆட்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களிடம் இருந்த கருவி அப்படி. ஆனால் முத்திரை குத்திய பிறகு எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது கருவியின் குறையல்ல. இத்தகைய இரண்டாவது இணை, 5.3 நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பது, 2023இல் அறிவிக்கப்பட்டது. அது தற்செயலாக அகப்படவில்லை, இப்படி ஒன்று இருக்குமா என்று தேடியதால் கிடைத்தது.

ஆகவே, வகைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள். எத்தனை இரவுகளின் தரவு, படத்துக்கு எத்தனை நொடி, நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) எடுத்தார்களா என்பது அதில் வரட்டும். ஆதாரம் மெலிந்தவற்றை மட்டும் பிரித்து எங்களைப் போன்றவர்களிடம் கொடுங்கள். பத்து நொடிக்கு ஒரு படமாக, இரவு முழுக்க எடுத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஒரு பொழுதுபோக்கு வானோக்கர்