ஷூ அப்பர் தைக்கும் பெண்களுக்கும் கூலி நிர்ணயம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரணாம்பட்டிலும் ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிற்பகல் நேரத்தில் தெருவில் நடந்தால், வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களைக் காணலாம். இதை அப்பர் தைப்பது என்பார்கள். தொழிற்சாலையில் வெட்டிய தோல் துண்டுகள் ஏஜென்ட் மூலம் மூட்டையாக வீடு வந்து சேர்கின்றன. தைத்தபின் அதே வழியில் திரும்பிச் சென்று, அடிப்பாகம் பொருத்தப்பட்டு, வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகின்றன.

என் அக்கா பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறார். ஒரு ஜோடிக்குக் கிடைக்கும் கூலி, எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு டீக்குக் கொடுக்கும் காசை ஒட்டியே இருக்கிறது. காலைச் சமையல் முடித்து உட்கார்ந்தால், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பத்து ஜோடி முடிப்பதே பெரும்பாடு. ஒரு தையல் தளர்ந்திருந்தால் அந்த ஜோடிக்குக் கூலி கிடையாது. ஊசியும் விளக்குக்கு ஆகும் மின்சாரமும் அவர் செலவு. ஆர்டர் இல்லாத மாதத்தில் வருமானமே இல்லை. இத்தனை ஆண்டு உழைத்ததற்கு அத்தாட்சியாக அவர் கையில் ஒரு சீட்டுகூடக் கிடையாது.

அரசின் உதவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. விலையில்லா அரிசியும், 30 ரூபாய்த் துவரம்பருப்பும், 25 ரூபாய்ப் பாமாயிலும், மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையும், பள்ளிக் காலை உணவும் இல்லையென்றால் எங்கள் பகுதியில் பல வீடுகளில் அடுப்பு எரிவது கடினம். ஆனால் வாடகை, சிலிண்டர், பால், மருந்து, பிள்ளைகளின் கல்லூரிச் செலவு ஆகியவற்றுக்குக் கூலியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. முதலாளி தர வேண்டிய கூலியில் விழும் குறையை மக்களின் வரிப்பணம் எத்தனை காலம் ஈடுகட்டும்?

வழி தெரியாத பிரச்சினையும் இல்லை இது. பக்கத்துக் குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களும் வீட்டில் இருந்தபடியே வேலை செய்பவர்கள்தாம். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களையும் தொழிலாளர்களாக ஏற்றது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயமும், அடையாள அட்டையும், வருங்கால வைப்பு நிதியும் அவர்களுக்கு உண்டு. 1976இல் ஏற்பட்ட நல நிதி பிள்ளைகளின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வீடு கட்டவும் உதவியது. அவர்களுக்கும் குறைகள் இருக்கின்றன. கொடுக்கப்படும் பீடி இலை போதாமல் கைக்காசு போட்டு வாங்குபவர்களை நான் அறிவேன். நல நிதிக்கு ஆதாரமாகப் பீடி மீது விதிக்கப்பட்டிருந்த தீர்வை வரியும் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நீக்கப்பட்டது. ஆனாலும் கூலி குறைந்தால் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியும். என் அக்காவுக்கு அது தெரியாது.

பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து தருபவரையும் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தொழிலாளி என்றே கணக்கில் எடுத்தது. உணவு, உடை, வாடகை, எரிபொருள் ஆகியவற்றைக் கணக்கிட்டே குறைந்தபட்ச ஊதியம் அமைய வேண்டும் என்று 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வரையறுத்தது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்காக அதில் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது. இந்தக் கணக்கில் அப்பர் தைப்பவரின் ஜோடிக் கூலி இன்னும் ஏறவில்லை.

ஆகவே தொழிலாளர் துறை இப்பெண்களின் வீடுகளுக்கே வந்து, ஒவ்வொரு வகை அப்பரையும் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, எட்டு மணி நேர உழைப்புக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கும்படி ஜோடிக் கூலியை அரசாணையாக வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். விலைவாசிக்கேற்ப அகவிலைப்படி ஏறுவதுபோல அந்தக் கூலியும் ஆண்டுதோறும் ஏற வேண்டும். கொடுத்த ஜோடி, திரும்பிய ஜோடி, தந்த பணம் மூன்றையும் பதியும் கணக்குப் புத்தகம் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஏஜென்ட் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த தொழிற்சாலையே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் ஏற்கெனவே இருப்பதால், அதன் பதிவு முகாமைப் பேரணாம்பட்டின் தெருக்களிலேயே நடத்தலாம். அலுவலகம் தேடிப் போனால் இப்பெண்களுக்கு அன்றைய கூலி போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்