வேரோடு பிடுங்கச் சொன்னது யார்?

ஆசிரியருக்கு,

வேலியோர மூலிகைகள் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையை ரசித்துத்தான் வாசித்தேன். குறிஞ்சா, முசுட்டை, மொசுமொசுக்கை, தூதுவளை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எது சளிக்கு, எது வயிற்றுக்கு, எந்த வேரைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் நாவூறு கழியும் என்றெல்லாம் எழுதியவர், அதை எப்படி எடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

மாந்திரிகத்தை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் வீட்டிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பனடோலும் கொடுப்போம், பார்வை பார்க்கவும் கூட்டிக்கொண்டு போவோம். ஆனால் நம்புவதென்றால் முழுதாக நம்ப வேண்டாமா? வெள்ளெருக்கில் பிள்ளையார் செய்ய வடக்கே ஓடுகிற வேரைத்தான் எடுக்கச் சொல்வார்கள். அந்த ஒரு வேர் போனாலும் செடி நிற்கும். காப்புக் கட்டு, சாபம் நீங்க மந்திரம் சொல், இரும்பு படாமல் எடு என்பதும் பழைய ஆட்கள் சொன்னதுதான், இரும்பு படக்கூடாது என்றால் மண்வெட்டியால் கொத்தி மூட்டை கட்ட முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இப்போது மந்திரத்தை யூரியூப்பில் பார்த்துப் பாடமாக்கிவிட்டு, மண்வெட்டியோடு வருகிறார்கள். எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்ற வெள்ளெருக்கு போன ஆடியில் அப்படித்தான் அடியோடு போனது.

முன்பென்றால் இதைப் பற்றி எழுதியே இருக்க மாட்டேன். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்ற காலத்தில் வேலி முழுக்கக் கொடிகள் படர்ந்திருக்கும், ஒருவர் பிடுங்கினால் அடுத்த மாரிக்கு வேறெங்காவது முளைக்கும். இப்போது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பாதி ஊர் மதில். சீமெந்து மதிலில் குறிஞ்சாவுக்கு என்ன வேலை? மிஞ்சி நிற்பது கோயில் வளவுகளிலும் பனங்கூடல்களிலும்தான், அங்கேயும் கிழங்கோடு கிளறினால் பிறகு நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரிமாரே மூலிகையைக் கடையில் வாங்கத்தான் வேண்டிவரும். வறைக்கோ கஞ்சிக்கோ இலையை ஆய்ந்தால் கொடி திரும்பத் துளிர்க்கும், வேரைத் தொட்டால் அதோடு சரி.

வேரோடு பிடுங்கியே தீர வேண்டும் என்கிற ஆட்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறின நாயுண்ணியும் நாகதாளியும் இருக்கின்றன, எவ்வளவு எடுத்தாலும் ஒருவரும் அழப்போவதில்லை. நாயுண்ணி இலையால் புகை போட்டால் நுளம்பு ஓடும், ஆனால் வெட்டியதை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள், ஈரலைக் கெடுத்துவிடும். வாசலில் கண்ணூறுக்குக் கற்றாழை தொங்கவிடுகிறவர்கள் நாகதாளி மடலைத் தொங்கவிட்டுப் பார்க்கட்டும். அந்த முள்ளுக்குப் பயப்படாத கண்ணூறை நான் இன்னும் கேள்விப்படவில்லை! சாத்திரத்தில் இதெல்லாம் இல்லையே என்பார்கள். செத்தல் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான், அதைச் சுற்றிப் போட்டு நாவூறு கழிக்க எவரும் யோசிப்பதில்லை.

இதில் பார்த்தீனியம் என்கிற களையை மட்டும் சேர்க்காதீர்கள். 1987 இல் இந்தியப் படையோடு வந்த ஆடுகளால் பரவியது என்று இங்கே ஒரு கதை உண்டு, அது எப்படியோ, ஒரு செடி 10,000 விதைக்கு மேல் கொட்டுகிறது என்பது உண்மை. வெறுங்கையால் தொட்டால் தோல் கடித்துத் தடிக்கும், பூந்தூள் மூக்கில் ஏறினால் இழுப்புக்காரருக்கு அன்றைக்கு நித்திரை இல்லை. இதை அவித்து உடம்பு கழுவினால் சிரங்கு மாறும் என்று வட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. சிரங்கில்லாதவருக்கும் அது சிரங்கைக் கொடுக்கும். பூக்க முதல் கையுறை போட்டுப் பிடுங்கி அழிப்பது ஒன்றுதான் அதற்குச் செய்யக்கூடிய மாந்திரிகம்.

கார்த்திகைக் கிழங்கைப் பற்றிக் கட்டுரை மேலோட்டமாகச் சொல்லிப் போனதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம். அதில் உள்ள கொல்சிசின் என்கிற நஞ்சை ‘கவுட்’ என்கிற மூட்டு வாதத்துக்கு இங்கிலிஷ் வைத்தியத்திலும் கொடுக்கிறார்கள், ஆனால் வைத்தியர் அளந்து கொடுப்பார். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டுச் செத்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். சித்த வைத்தியர்கள் அதை நஞ்சு நீக்கிச் சுத்தி செய்துதான் மருந்தில் சேர்ப்பார்கள், வீட்டு அடுப்பில் செய்து பார்க்கிற காரியம் அல்ல அது.

அப்புறம், வெங்காயத் தோட்ட வரம்பில் நிற்கும் சாரணையையும் கீழ்க்காய்நெல்லியையும் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்கிறவர்கள், அந்தத் தோட்டத்துக்குக் கடைசியாக எப்போது பூச்சிமருந்து அடித்தது என்று தோட்டக்காரரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். போர் முனையாக இருந்த முகமாலைப் பக்கம் மூலிகை தேடிப் போகிறவர்களுக்கு மிதிவெடிப் பலகையைத் தாண்டிப் பற்றைக்குள் இறங்கக்கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொடர் தொடர்ந்து வருவதென்றால், கைதடியில் சித்த மருத்துவம் படிப்பிக்கிற யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துப் போடுங்கள், படங்களையும் பெரிதாக, நிறத்தோடு போடுங்கள். போன வாரம் மாசிபத்திரி என்று போட்டிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்தது பார்த்தீனியமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வாசகி ஒருத்தி,
கோண்டாவில்