சப்மிட் பட்டன் தபால்காரன் இல்லை

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். உன் சேர்க்கை விண்ணப்ப பிடிஎஃப் படிவத்துக்கு வருகிறேன்.

நீ எழுதிய இரண்டு புகாரும் படிவத்தை மெயிலில் அனுப்பும் ஒரே சப்மிட் பட்டனைப் பற்றியவைதான். ஆனால் நோய் வேறு, மருந்தும் வேறு. "அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை" என்பது நிரப்புகிறவர் கணினியில் இருக்கும் கோளாறு. "வந்த ஃபைல் திறக்கவில்லை" என்பது நீ படிவம் செய்தபோது விட்ட கோளாறு. உன் கையில் இருப்பதை முதலில் முடித்துவிடலாம்.

பிடிஎஃப் திருத்தும் மென்பொருளான அக்ரோபேட்டில் ப்ரிப்பேர் ஃபார்முக்குள் போய், பட்டனை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் திற. ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் மவுஸ் அப் என்பதற்குக் கீழே 'சப்மிட் எ ஃபார்ம்' இருக்கும். அதைத் தேர்ந்து எடிட் அழுத்து. மேலே முகவரிக் கட்டம், கீழே எந்த வடிவில் அனுப்புவது என்று நான்கு வழி: எஃப்டிஎஃப், எச்டிஎம்எல், எக்ஸ்எஃப்டிஎஃப், முழு பிடிஎஃப். தானாகத் தேர்வாகி நிற்பது எஃப்டிஎஃப். அதை யாரும் மாற்றுவதில்லை. எஃப்டிஎஃப் ஃபைலில் கட்டங்களின் பெயரும் அவற்றில் எழுதியதும் மட்டும்தான் போகும், படிவம் போகாது. பெறுபவரிடம் மூலப் படிவம் இல்லையென்றால் அது வெறும் சதை, எலும்பு இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் சில கிலோபைட் ஃபைலை டபுள் கிளிக் செய்துவிட்டு உன்னைத் திட்டுவது இதனால்தான். 'முழு ஆவணம்' என்ற நான்காவதைத் தேர்ந்து ஓகே கொடு, அந்தப் புகார் தீர்ந்தது. சந்தேகமிருந்தால், சுருக்கப்படாத பிடிஎஃப்பை நோட்பேடில் திறந்து அந்தப் பட்டனின் சப்மிட் வரியைப் பார். ஃப்ளாக்ஸ் என்ற இடத்தில் 256 இருந்தால் முழு பிடிஎஃப் போகும், 32 என்றால் எக்ஸ்எஃப்டிஎஃப், 4 என்றால் எச்டிஎம்எல். பூஜ்யமோ எதுவுமே இல்லாமலோ இருந்தால் எஃப்டிஎஃப்.

எஃப்டிஎஃப்பைக் கெட்டவனாக்கிவிடாதே. முந்நூறு பேர் நிரப்பி அனுப்பும் கணக்கெடுப்புக்கு அதுதான் லேசானது. ப்ரிப்பேர் ஃபார்மில் மோர் என்ற மெனுவில் வந்த ஃபைல்களையெல்லாம் ஒரே அட்டவணையாக்கும் வசதி இருக்கிறது. அது பிடிஎஃப்பையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், உன் வேலைக்கு முழு பிடிஎஃப் போதும்.

முகவரிக் கட்டத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மின்னஞ்சல் முகவரியை மட்டும் போட்டால் வேலை செய்யாது. முன்னால் 'மெயில்டு' (mailto) என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் இடைவெளி இல்லாமல் வேண்டும். பொருள் வரியும் (சப்ஜெக்ட்) சேர்க்க வேண்டுமானால் முகவரிக்குப் பிறகு ஒரு ? போட்டு subject= என்று தொடங்கு, அடுத்தடுத்த விஷயங்களை & போட்டுச் சேர். இடைவெளிக்கு %20, வரி உடைக்க %0D%0A. நிறுவனப் பெயரிலேயே & வந்தால் அதை %26 என்று எழுது; இல்லாவிட்டால் பொருள் வரி அந்த இடத்திலேயே அறுந்துபோகும். தமிழில் பொருள் வரி வேண்டும் என்றாயே, அதற்கும் இதே மாற்றம்தான். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்பதால் மாற்றினால் ஒன்பது எழுத்தாக நீளும். 'விண்ணப்பம்' என்ற ஒரு சொல் 90 எழுத்து! ஒருமுறை மாற்றி எடுத்து ஒட்டிவிடு, கையால் தட்டாதே.

இனி முதல் புகார். சப்மிட் பட்டன் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. ஃபைலைக் கட்டி, கணினியில் இருக்கும் மெயில் மென்பொருளின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் அழுத்தியவருக்கு ஒன்றும் தெரியாது, அல்லது ஒரு பிழைச் செய்தி வரும். வாங்கிக்கொண்டாலும் அது எழுதி முடித்த மெயிலாகத் திறந்து நிற்கும். சென்ட் அழுத்தவேண்டியது மனிதர்தான். பாதிப் பேர் அங்கேயே மூடிவிட்டு 'அனுப்பியாச்சு' என்பார்கள்.

சோதிக்க ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். புகார் சொன்னவரிடம் டெஸ்க்டாப்பில் ஏதாவது ஒரு ஃபைலை ரைட் கிளிக் செய்யச் சொல். விண்டோஸ் 11 என்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' போய், 'சென்ட் டு', அதில் 'மெயில் ரெசிபியன்ட்'. ஃபைலை இணைத்துக்கொண்டு மெயில் திறந்தால் கணினி சரியாக இருக்கிறது, உன் படிவத்தைத் திரும்பப் பார். திறக்கவில்லை என்றால் உன் படிவத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே, அங்கே மெயில் மென்பொருளே அமைக்கப்படவில்லை. வலைப்பக்கத்து மெயில் இணைப்பைச் சொடுக்கினால் ஜிமெயில் திறக்கிறது என்று அவர் வாதாடுவார். அது வேறு பாதை. குரோம் அதை ஏற்கும், ஆனால் மெயிலோடு ஃபைலையும் சேர்த்துக் கொடுக்கும் பழைய வாசல் அதற்குக் கிடையாது. ஜிமெயில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அடோபி ரீடரிலேயே வழி உண்டு: பட்டனை அழுத்தியதும் வரும் பெட்டியில் 'யூஸ் வெப்மெயில்' தேர்ந்து ஜிமெயிலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நிறையப் பேர் ரீடரில் திறப்பதே இல்லை. குரோமிலோ எட்ஜிலோ சொடுக்கிப் பார்ப்பார்கள், மேக்கில் பிரிவ்யூ. பட்டன் அங்கே அழகாகத் தெரியும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அல்லது படிவம் இணையாத மெயில் மட்டும் திறக்கும். போனிலும் பெரும்பாலும் இந்தக் கதிதான். அதனால் பட்டனுக்குக் கீழே இல்லாமல் படிவத்தின் தலையிலேயே எழுது: "இறக்கிச் சேமித்து, அடோபி ரீடரில் திறந்து நிரப்பவும். பட்டன் இயங்காவிட்டால் சேமித்த ஃபைலை இந்த முகவரிக்கு இணைத்து அனுப்பவும்." இந்த இரண்டு வரி வேறெந்தத் திருத்தத்தையும்விடப் புகாரைக் குறைக்கும்.

ஸ்கிரிப்ட் எழுதலாமா என்று கேட்டிருந்தாய். மெயில்டாக் (mailDoc) என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை முழு பிடிஎஃப்பையும் இணைக்கும், பொருள் வரியில் விண்ணப்பதாரர் பெயரைப் படிவத்திலிருந்தே எடுத்துப் போடலாம். பிரிவுக்கேற்ப வேறு முகவரிக்கு அனுப்ப, டிராப்டவுனில் ஒவ்வொரு பிரிவின் எக்ஸ்போர்ட் மதிப்பாக (திரையில் தெரியாமல் உள்ளே இருக்கும் மதிப்பு) அந்தந்த முகவரியை வைத்தால் போதும். ஒரு பொறி இருக்கிறது: சப்மிட் எ ஃபார்ம் என்றால் 'ரிக்வயர்ட்' குறித்த கட்டம் காலியாக இருந்தால் அதுவே தடுக்கும், மெயில்டாக் தடுக்காது. காலிப் படிவமாகவே போய்ச் சேரும். கட்டாயக் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வரிகளை நீயேதான் எழுதவேண்டும். உன் படிவத்தில் ஆறோ ஏழோதான் கட்டாயம் என்பதால் நான் ஸ்கிரிப்டைத் தொடாமல் விட்டிருப்பேன்.

நீ இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைப்பதால் இன்னொன்று. எக்ஸ்போர்ட் செய்யும்போது 'இன்டராக்டிவ்' பிடிஎஃப் தேர்ந்திருக்கிறாயா பார்; 'பிரின்ட்' என்று எடுத்தால் பட்டன் வெறும் படம். ஒரு எழுத்துப்பிழை திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யும்போது, அக்ரோபேட்டில் மாற்றியது எல்லாம் போய்விடும், முழு பிடிஎஃப் தேர்வும் சேர்த்து. அதனால் புது ஃபைலை அப்படியே பயன்படுத்தாதே. பழைய படிவத்தைத் திறந்து ஆர்கனைஸ் பேஜஸில் 'ரீப்ளேஸ்' கொடுத்துப் புதுப் பக்கத்தை உள்ளே விடு. அச்சு மாறும், பட்டனும் கட்டங்களும் இருந்த இடத்திலேயே நிற்கும். கோடுகள் நகர்ந்திருந்தால் கட்டங்களை மட்டும் கொஞ்சம் தள்ளிவை.

வங்கிக் கணக்கு எண் கேட்கும் அந்த இரண்டாம் பக்கத்தை மட்டும் மெயிலில் வாங்காதே என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடு. படிவத்தை எனக்கும் அனுப்பு, இங்கே அவுட்லுக், தண்டர்பேர்ட் இரண்டிலும் அழுத்திப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்