புராஜெக்டுக்கு அனுப்பும் முன் மூன்று நாள் கொடுங்கள்

குமரி மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் அறிவியல் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நம் மாவட்டத்து ஆய்வகம் ஒன்றில், கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காவின் கை வெந்துபோன செய்தி உங்களுக்கும் எட்டியிருக்கும். சிங்க் ஓரத்தில் லேபிள் இல்லாமல் இருந்த பீக்கரில் அடர் கந்தக அமிலம். பார்வைக்குத் தண்ணீர்தான். வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர் மூன்றாம் ஆண்டு மாணவர். பக்கத்தில் நின்றவர்கள் களிம்பு தேடி ஓடினார்கள். உடனே குழாயைத் திறந்து குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கையைக் காட்டச் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த மாணவரைத் திட்டி என்ன பயன்? லேபிளில் என்ன எழுத வேண்டும் என்று மூன்று ஆண்டுகளில் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பொருளின் பெயர், செறிவு, தேதி, தயாரித்தவர் பெயர் நான்கும் வேண்டும். மூடியில் எழுதக் கூடாது, மூடி மாறிப்போகும். மார்க்கர் மை ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். பேப்பர் டேப்பில் எழுதி, மேலே செலோ டேப் ஒட்ட வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் எந்த ரசாயனத்தையும் ஊற்றவே கூடாது. இவ்வளவையும் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆறாம் செமஸ்டர் புராஜெக்டுக்காக மாணவர்களை ஆய்வகத்துக்குள் விடும் முன், மூன்று நாள் செய்முறைப் பயிற்சி கொடுங்கள். பிபிடி போட்டுக் காட்டுவது பயிற்சி ஆகாது, கையால் செய்யவைக்க வேண்டும். குழாய்களை அதிவேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிர்க் குழாய்களை எடை போட்டுச் சமப்படுத்தட்டும். எண்ணிக்கை சமமாக இருந்தால் போதாது. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும்போது பாட்டில் மூடியைத் தளர்த்தி, 121 டிகிரியில் 15 நிமிடம் முடிந்தபின் அழுத்தமானி பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பாட்டிலில் உள்ள மீடியா (நுண்ணுயிர் வளர்க்கும் ஊட்டக் கரைசல்) பொங்கி முகத்தில் அடிக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. சோடியம் ஹைட்ராக்சைடு டப்பாவை ஐந்து நிமிடம் திறந்து வைத்தாலே வில்லைகள் ஈரம் குடித்துவிடும். அதை எடை போட்டுத் தயாரித்த கரைசலை நம்பிச் செய்த டைட்ரேஷன் (கரைசலின் செறிவை அளக்கும் சோதனை) எல்லாம் வீண். எடுத்தது மிஞ்சினால் திரும்ப டப்பாவில் கொட்டுவதும் பல இடங்களில் நடக்கிறது. ஒருவர் செய்கிற சிக்கனம் எல்லோருடைய ரசாயனத்தையும் கெடுக்கிறது.

ரெக்கார்டு நோட்டில் கோடு கோணினால் மார்க் குறைக்கிறீர்கள். உடைத்தால் ஃபைன் போடுகிறீர்கள். அதனால் உடைந்த தெர்மாமீட்டர் டிராயருக்குள் ஒளிகிறது, சிந்திய பாதரசத்தை விளக்குமாறால் கூட்டிவிடுகிறார்கள். அது சிறு சிறு உருண்டைகளாகச் சிதறி இன்னும் வேகமாக ஆவியாகும். அந்தக் காற்றைத்தான் அங்கே வேலை பார்க்கிற எல்லோரும் சுவாசிக்கிறோம். உடைந்ததை உடனே வந்து சொல்கிற பிள்ளைக்கு ஃபைன் வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் என்ன குறைந்துவிடும்?

கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்தருளுங்கள். அந்த அக்கா தினக்கூலி. கை ஆறும்வரை அவருக்குச் சம்பளம் கிடையாது. அவருடைய மருத்துவச் செலவையும் கூலியையும் அந்தக் கல்லூரி நிர்வாகமே ஏற்க வேண்டும் என்பதையும் இங்கே கேட்டுக்கொள்கிறோம்.

தயவுசெய்து அந்த மூன்று நாளை டிசம்பர் கால அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் கூப்பிடுங்கள், சனிக்கிழமைகளில் நாங்களே வந்து கற்றுத் தருகிறோம்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட ஆய்வு மாணவர்கள், ஆய்வக உதவியாளர்கள் சிலர்