கடவுச்சொல் வேண்டாம் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பகுதியில், "வீட்டுக் கணினிக்குக் கடவுச்சொல் எதற்கு? குடும்பத்தாரிடம் மறைக்க ஏதாவது இருப்பவர்களுக்குத்தான் அது தேவை" என்று ஒரு வரி வந்திருந்தது. வயதானவர்கள் மறந்துவிடுவார்கள், எடுத்துவிடுவதே நல்லது என்று அடுத்த வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

என் கணினியில் கடவுச்சொல் இருக்கிறது. அப்படியென்றால் மகனுக்கும் மருமகளுக்கும் தெரியாமல் நான் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அர்த்தமா? எங்கள் கோயிலின் காவடிப் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. யார் காவடி, யார் பால்குடம், தொலைபேசி எண், கொடுத்த தொகை, வேண்டுதல் எல்லாம் அதில் உண்டு. பிள்ளை வரம் கேட்டவர்கள் இருக்கிறார்கள், நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். என்னை நம்பிச் சொன்ன விஷயங்களை, வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி போட்டுவைக்க எனக்கு என்ன உரிமை?

"மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்?" என்ற பேச்சை நம் மொரீஷியஸில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தாங்கள் அறியாததல்ல. 2013-ல் புதிய அடையாள அட்டைக்குக் கைரேகை வாங்கத் தொடங்கியபோதும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம், ரேகையை எடுக்கலாம், சேமித்து வைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2021-ல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் தனியுரிமை மீறப்பட்டது என்றது. அப்புறம் 2024 தேர்தல் நேரம். அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் பேசிய போன் பேச்சுகள் வெளியே கசிந்து ஊரெல்லாம் ஒலித்தன. சமூக ஊடகங்களையே முடக்கச் சொல்லி உத்தரவு போட்டு, மறுநாளே திரும்பப் பெற்றார்கள். இத்தனையும் பார்த்த மொரீஷியஸ் வாசகர்களிடம் இப்படி எழுத எப்படி மனம் வந்தது?

கடவுச்சொல் இல்லாத கணினிக்கு என்ன நடக்கும் என்று கத்ர் போர்ன் ஊரில் இருக்கும் என் நாத்தனாரைக் கேட்டால் சொல்வார். தைப்பூசத்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் அவருடைய கணினியில் ஏதோ விளையாட்டை இறக்கினான். கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, அதுவும் கணினியில் எதையும் மாற்றும் உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் எதுவும் உள்ளே வந்துவிடும். விளையாட்டோடு வேறொன்றும் வந்தது. சில நாளில் நாத்தனார் பெயரில், அவசரமாகப் பணம் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போய்விட்டது. பொங்கல் வாழ்த்து அனுப்பியிருந்த அவருடைய பழைய தலைமையாசிரியருக்குக்கூட. அந்த மனிதர் பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டுப் போன் செய்தபோதுதான் விஷயமே தெரிந்தது. நாத்தனார் அன்று என்னிடம் அழுத அழுகையை உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும். பையனுக்கென்று சாதாரணக் கணக்கு ஒன்று தனியாக இருந்து, நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல்லும் இருந்திருந்தால், கணினி முழுவதற்கும் எதையாவது நிறுவும் முன் அதைக் கேட்டிருக்கும். அவருடைய கோப்புகளையும் அவன் தொட்டிருக்க முடியாது.

இணையம் பார்க்கும் குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்கப் போனால், அது விண்டோஸ் கடவுச்சொல்லைத்தான் கேட்கும். அதையே வைக்காதவரிடம் என்ன கேட்கும்? மின்னஞ்சல், கடைக் கணக்கு எல்லாம் வரிசையாகத் திறந்து கிடக்கும்.

என் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடையிலும் இதே கதைதான். மூடியில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் கடவுச்சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதி, வாசலில் நிற்பவர் படிக்கும்படி அலமாரியில் வைத்திருந்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "தாந்தின் (அத்தை), பாஸ்வேர்டையே எடுத்துவிடுங்கள், உங்களுக்கும் நிம்மதி எங்களுக்கும் நிம்மதி" என்றார் அங்கிருந்த தம்பி. கடைக்காரர் சொன்னால் சரி, அவர் வேலை அவருக்கு. தாங்களும் அதையே அச்சில் போட்டால் நாங்கள் யாரிடம் போவது?

மறதிதான் காரணம் என்றால் கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தட்டும் PIN எண் வைத்துக்கொள்ளலாமே. அது அந்த ஒரு கணினியில் மட்டும்தான் செல்லும். தெரிந்துகொண்டவன் வேறு இடத்திலிருந்து நம் கணக்கில் நுழைய முடியாது. ஆபத்து நேரத்தில் பிள்ளைகள் திறக்க வேண்டாமா என்றும் உங்கள் கட்டுரையாளர் கேட்டிருந்தார். என் கணவர் கடவுச்சொல்லை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருந்தார். அவர் போன பிறகு ஓய்வூதியக் காகிதங்களை எடுக்க எங்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

உண்மையில் எச்சரிக்க வேண்டியதைக் கட்டுரையாளர் எழுதவேயில்லை. கடவுச்சொல் இருந்தாலும், குறியாக்கம் செய்யாத, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்காத, சேமிப்பு வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகளைப் படித்துவிடலாம். திருடு போகும் மடிக்கணினிகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து. விண்டோஸில் குறியாக்கம் செய்தால் வரும் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்?

வயதானவர்கள் என்றாலே எதையாவது எடுத்துவிடு, பேரனிடம் கொடுத்துவிடு என்றுதான் அந்தப் பகுதியில் தொடர்ந்து எழுதுகிறார்கள். நாங்களும் சந்தா கட்டித்தான் படிக்கிறோம்.

அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, வீட்டில் ஆளுக்கொரு கணக்குத் திறப்பது எப்படி என்று படத்தோடு போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.