குவைத்தில் இருக்கும் தம்பிக்கு, ஓய்வுநாளைப் பற்றி

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம். அப்பா சுகம், முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. சம்பா அறுத்தாயிற்று. தாளுக்குள் தெளித்த உளுந்து முளைத்துப் பச்சை கட்டி நிற்கிறது.

போன வாரம் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது, உன் குரலும் விட்டு விட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறேனே, ஓய்வுநாளை மீறுகிறேனா என்றாய். ரூமில் இருக்கும் அட்வென்டிஸ்ட் சபைப் பையன் வேறு, வேதத்தில் உள்ளது சனிக்கிழமைதான், ஞாயிறு மனுஷர் வைத்தது என்று உன்னைக் குழப்பிவிட்டிருக்கிறான். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளிடம் கேள்வி கேட்டுவிட்டாய். இனி நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. ஏழாம் நாள் என்பது சனிக்கிழமைதான். யூதர்கள் வெள்ளி சாயங்காலம் சூரியன் இறங்கியதும் ஆரம்பித்துவிடுவார்கள். ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் நாம் ஞாயிறு கூடுகிறோம். ஆனால் ஆதிச் சபையாருக்கு ஞாயிறு லீவு நாள் இல்லை, தெரியுமா? கி.பி. 321-ல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் சட்டம் போடும் வரைக்கும் அது சாதாரண வேலை நாள். அடிமையாக இருந்தவர்கள் விடியுமுன் கூடினார்கள், இல்லையென்றால் வேலை முடிந்து ராத்திரி கூடினார்கள். பவுல் நடுராத்திரி வரை பிரசங்கம் பண்ணி, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி விழுந்தானே, அதுவும் வாரத்தின் முதல் நாள்தான். பாவம், பகலெல்லாம் எங்கே உழைத்துவிட்டு வந்தானோ.

நம் வீட்டுக்கு இது புதுசும் இல்லை. உன் அம்மாச்சி பண்ணையாளாக இருந்தவள். பண்ணையில் ஞாயிறு என்று ஒரு நாள் கிடையாது, நடவு நாளில் விடியுமுன் நாற்றங்காலில் நிற்கவேண்டும். 1952-ல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியைப் பற்றியும், ஆளை நினைத்தபடி வெளியே தள்ளக்கூடாது என்பதைப் பற்றியும் அது பேசியது. ஞாயிறு மட்டும் அதற்குப் பிறகும் எங்கள் பண்ணைக்கு வந்து சேரவில்லை. ராத்திரி உபதேசியார் அரிக்கேன் விளக்கோடு தெருவுக்கு வருவார். அம்மாச்சி ஞானப்பாட்டுப் புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொள்வாள். எழுத்து தெரியாது, பாட்டெல்லாம் மனப்பாடம். நகக்கண்ணில் சேறு இருக்கும். அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையும் பழுப்பேறிக் கிடக்கும். அந்தப் புத்தகம் இன்னும் நம் பீரோவில் இருக்கிறது. அவள் ஓய்வுநாளை மீறினாள் என்று யார் சொல்லிவிட முடியும்? ஆகவே, அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமையில் நீ ஆராதனைக்குப் போவதைப் பற்றி எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான் என்று ரோமர் 14-ல் இருக்கிறது. அந்தப் பையனோடு சண்டை போடாதே.

எனக்கு உறுத்துவது வேறு. அதற்கு முன்னால், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

ரெண்டு வருஷம் முன்னால் தை மாசம், நெல் தலை சாய்ந்து நிற்கிறது, மழை வரும் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். புரோக்கர் போன் பண்ணி, ஞாயிறு காலையில்தான் நெல் அறுக்கும் பெல்ட் வண்டி காலி, விட்டால் அடுத்த வாரம்தான் என்றார். அப்பா ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த வசனம் யாத்திராகமம் 34-ல் இருப்பது: விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக. தப்பிக்க வழியே இல்லாமல் எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. நான் கான்ஸ்டன்டைன் கட்சி. அந்தச் சட்டத்தில் நியாயாதிபதியும் பட்டணத்து ஜனங்களும் ஓயவேண்டும், விவசாயி மட்டும் வேலை செய்துகொள்ளலாம் என்று விலக்கு உண்டு. விதைக்கவும் திராட்சை நடவும் ஏற்ற நாள் தவறிப் போகக்கூடாதாம். ஆண்டவரும் கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளில் தூக்கமாட்டீர்களா என்று கேட்டாரே என்றேன். நனைந்த நெல்லை 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைக்க கொள்முதல் நிலையத்து வாசலில் எத்தனை நாள் கிடந்திருக்கிறோம் என்று அவருக்கும் தெரியும். கடைசியில் சரி என்றார்.

வண்டி வந்தது. நான் கோயிலுக்குப் போய்விட்டு வெள்ளைப் புடவையோடு நேரே வயலுக்கு டீ எடுத்துப் போனேன். வண்டி ஓட்டியது ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், இருபத்துரெண்டு வயசு இருக்கும். வரப்பில், வண்டி நிழலில், துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தான். காதுக்குள்ளே எல்லாம் நெல் தூசி. எழுப்ப மனசு வரவில்லை, டீ ஆறிவிட்டது. எழுந்ததும், எத்தனை நாளா தம்பி ஓட்டுற என்று கேட்டேன். இருபத்தாறு நாளாச்சும்மா, சீசன்ல ஏதும்மா லீவு என்று சிரித்தான்.

ராத்திரி முழுக்க நானும் அப்பாவும் எங்கள் ஞாயிற்றைப் பற்றித்தான் வாதாடினோம். இந்தப் பிள்ளையின் நாளைப் பற்றி ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பண்ணையார் வீட்டுத் திண்ணையிலும் அப்படித்தானே இருந்திருக்கும்?

வீட்டுக்கு வந்து உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தேன். நாம் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது, பத்துக் கட்டளைகளில் ஒன்றாக யாத்திராகமத்தில் வரும் ஓய்வுநாள் கற்பனை. அதில் காரணம், கர்த்தர் ஆறு நாளில் உலகத்தை உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமத்தில் காரணமே வேறு. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும், நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்கிறது. நம் லுத்தரன் சபைக்குப் பேர் தந்த மார்ட்டின் லுத்தரும் தம் பெரிய ஞானோபதேசப் புத்தகத்தில், வாரம் முழுக்க உழைத்த வேலைக்காரனும் வேலைக்காரியும் ஒரு நாள் இளைப்பாறவேண்டும் என்று இந்தக் கற்பனைக்கு எழுதியிருக்கிறார். (நமக்கு இது மூன்றாம் கற்பனை. உன் சி.எஸ்.ஐ. சபைச் சிநேகிதன் நாலாவது என்பான். எண்ணும் விதம்தான் வேறு, வசனம் ஒன்றுதான்.)

தம்பி, இப்போது என் கீழே பதினாலு பேர் அம்மா என்று சந்தோஷமாகச் சொன்னாய். அடுத்த மூச்சிலேயே, இந்த மாசம் நாலு வெள்ளியும் ஓ.டி. போட்டோம் என்றாய். போட்டோம் என்றால் யார் போட்டது? நீ கேட்டு வாங்கினாய், உனக்குக் கடன் இருக்கிறது, புரிகிறது. அந்தப் பதினாலு பேரில் வேண்டாம் என்று சொல்ல வாய் வராதவன் எத்தனை பேர்? ரோஸ்டர் எழுதும் பேனா உன் கையில் இருக்கிறது. கம்பெனியை மாற்ற உன்னால் முடியாது. ஆள் மாற்றி ஆள் போட்டு, ஒவ்வொருவனுக்கும் வாரத்தில் ஒரு நாள் விழுகிற மாதிரி எழுத முடியுமா என்று பார். அவன் முஸ்லிமோ இந்துவோ, நேபாளியோ வங்காளியோ, கற்பனையில் அந்நியனும் சேர்த்தி.

இன்னொன்று. அந்தப் பட்டியலை நிதானமாக வாசித்துப் பார். நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன். மனைவி மட்டும் இல்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசித்துவிட்டு, "நீ"யிலேயே அவளும் அடக்கம் என்றார். அப்படியானால் ஞாயிறு மதியம் ஆட்டுக்கறிக் குழம்புக்கு மசாலா அரைப்பது எந்த "நீ" என்று கேட்டேன். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமே மீன்குழம்பு வைத்துவிடுகிறேன். தரங்கம்பாடி மீன், ஒரு ராத்திரி ஊறினால் ருசி தனி. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா, மற்ற நாள் மிச்சம் வைத்தால் புழு வைத்தது, ஓய்வுநாளுக்கென்று எடுத்து வைத்தது மட்டும் நாறவில்லை, இல்லையா? ஞாயிறு சோறு மட்டும் அப்பா வடிக்கிறார். ரெண்டு தரம் குழைந்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

அரிசி முறுக்கும் ஊறுகாயும் அக்காவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், அவள் பார்சல் போடுவாள். ஞாயிறு மதியம் ரெண்டு மணிக்குப் போன் போடாதே, உனக்கு அது பதினொன்றரை, டீ டைம் என்று எனக்குத் தெரியும். அந்நேரம் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அம்மா