லேத்தே இல்லாதவருக்கு ராணுவ ஆர்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஐந்தையும் சேர்த்து 2019 ஜனவரியில் தொடங்கி வைத்ததிலிருந்து மாநாடும் ஒப்பந்தமுமாகத்தான் செய்தி வருகிறது. சந்தோஷம். ஆனால் டாங்கிக்கும் பீரங்கிக்கும் போகிற பின், புஷ், ஷாஃப்ட் மாதிரி சின்ன உதிரி பாகங்களை அரசு எப்படி வாங்குகிறது என்று யாரும் எழுதுவதில்லை. கோவையில் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மிஷின்) பட்டறை வைத்திருக்கிறேன், நானே எழுதிவிடுகிறேன்.

டெண்டரில் கேட்பது பெரும்பாலும் கொஞ்சம் பீஸ்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் டிராயிங்கில் சொன்ன அதே ஸ்டீலைத் தேடிப் பிடிக்க வேண்டும், அளவு சரிபார்க்கும் கேஜ் செய்ய வேண்டும், ஹீட் ட்ரீட்மென்ட், லேப் டெஸ்ட், சர்ட்டிஃபிகேட் என்று செலவு போகும். எல்லாம் கணக்குப் போட்டு விலை எழுதினால் எல்1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவராக வந்து நிற்பவர் வேறு யாரோ, விசாரித்தால் சொந்தமாக ஒரு லேத் (கடைசல் மிஷின்) கூட இல்லாத டிரேடர். அவர் எங்கே செய்து வாங்கினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்!

தனுஷ் பீரங்கி விவகாரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜெர்மன் தயாரிப்பு என்று முத்திரை குத்திய சீன பேரிங்குகள் அதைச் செய்யும் ஜபல்பூர் அரசுத் தொழிற்சாலைக்குப் போனதாக 2017இல் சிபிஐ வழக்குப் போட்டது. மொத்தமே ஆறு பேரிங், சுமார் 53 லட்சம் ரூபாய். அளவு சரியில்லை என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் குற்றச்சாட்டில் உண்டு. வழக்கைக் கோர்ட்டு பார்க்கட்டும். என் கேள்வி, எங்களிடம் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசத்துக்காக மொத்த லாட்டையே திருப்பி அனுப்புகிறவர்கள் அங்கே எப்படி விட்டார்கள்?

அப்புறம் பணம். 2006ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். சாமான் வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. படிக்க நன்றாக இருக்கிறது. நடப்பில், "இன்ஸ்பெக்ஷன் ஆகவில்லை" என்ற ஒரே வார்த்தையில் பில் கிடப்பில் கிடக்கும், வட்டி கேட்டால் அடுத்த தடவை விலை கேட்டு என்கொயரி நம்மிடம் வராது என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம், நான் உட்பட.

முதல் பீஸ் தேறிய பட்டறைக்கு மூன்று வருஷத்துக்காவது சேர்த்து ஆர்டர் கொடுங்கள், கேஜ் செலவைத் தனியாகக் கொடுங்கள், விலையும் தானாகக் குறையும். ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை நடத்திய பழைய படைக்கல வாரியத்தை 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தாயிற்று, கவச வாகனக் கம்பெனியின் தலைமையகமே ஆவடியில்தான். அவர்களே ஆரம்பிக்கட்டும். சாமான் வந்த தேதி, இன்ஸ்பெக்ஷன் முடிந்த தேதி, பணம் போன தேதி, இந்த மூன்றையும் ஒவ்வொரு ஆர்டருக்கும் இணையதளத்தில் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
கணபதி, கோவை